பதினோரு விநாடிகள்

ஜனவரி 8

இன்று முழுவதும் இருமல் வெட்டினேன். நூற்றுப் பதினேழு இருமல், நாற்காலி இழுக்கிற சத்தம் முப்பதுக்கு மேல், யாரோ ஒரு புண்ணியவான் மைக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சியது எண்ணிக்கையில் அடங்காது. ஜலதோஷம் பிடித்த பிறகுதான் கூட்டத்துக்குப் போவது என்று விரதம் எடுத்திருப்பார்களோ? ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவு, எல்லாம் களைந்த பிறகு ஒரு மணி பத்து நிமிடம்.

பேசுகிறவர் வெண்கலத் தொண்டை. இந்த நோட்டுக்குள் மட்டும் நான் வைத்திருக்கும் பெயர். வெளியே எல்லோருக்கும் அவர் 'ஐயா'. கடவுளைப் பற்றிப் பேச வந்தவர், இப்போதெல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேற்று மதத்துக்காரர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார். நான் காதுகொடுப்பதில்லை. அதாவது, காது கேட்கிறது, மனசு கேட்பதில்லை. சலவைக்காரர் சட்டைப் பையில் இருக்கிற கடிதத்தைப் படித்துக்கொண்டா இருப்பார்?

தம்பி சாயங்காலம் வரை பின்னால் உட்கார்ந்து கேட்டான். லிஃப்ட் கம்பெனி ஆளைக் குறைத்ததிலிருந்து மூன்று மாதமாக என் ஸ்டூடியோதான் அவனுக்குக் கதி. முதலில் பொழுது போகாமல் ஹெட்போனை மாட்டினான். இப்போது, "அக்கா, அந்த எடத்த இன்னொரு தடவ போடேன்" என்கிறான். பிரார்த்தனைக் கூடத்து வாசலைக்கூட மிதிக்காதவன்.

ஜனவரி 15

இன்று செய்த ஒரு வெட்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். பாராட்ட ஆளில்லாத தொழில் இது. என்னை நானே மெச்சிக்கொண்டால்தான் உண்டு.

சொற்பொழிவின் நடுவில் கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் எழுந்து கேட்கிறார்: "எதிரி எதிரின்னு சொல்றீங்க. அவங்க வீட்டுக் குழந்தைங்களும் எதிரிதானா?" வெண்கலத் தொண்டை பதில் சொல்லவில்லை. பதினோரு விநாடி. ஒரு ஒலிப்பதிவில் பதினோரு விநாடி என்பது பாதாளம். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

கேள்வியையும் எடுத்தேன், பதினோரு விநாடியையும் எடுத்தேன். எடுத்த இடத்தில் அந்தக் கூடத்தின் மௌனத்தை ஒட்டினேன். ஆள் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. மின்விசிறி, குழல்விளக்கு, சுவர், தெரு, எல்லாம் சேர்ந்து. அதை அறை மௌனம் என்போம். எங்கே பதிவு செய்யப் போனாலும் முதலில் அரை நிமிடம் அதைப் பிடித்துவைப்பேன். ஒட்டுப்போட அந்தத் துணிதான் வேண்டும், இல்லாவிட்டால் தையல் தெரிந்துவிடும். என்னிடம் இருநூறு அறைகளுக்கு மேல் இருக்கிறது. அம்மா கடைசியாகப் படுத்திருந்த முன்னறையும் இருக்கிறது.

வெட்டிய பிறகு அவர் ஒரு கணம்கூடத் தயங்காதவராக, மலை மாதிரி ஒலித்தார். இஸ்திரி கேட்டுவிட்டு, "நீங்க கை வெச்சா தனிதான்" என்றார். (இஸ்திரி: ஐயாவின் ஒருங்கிணைப்பாளர். எந்நேரமும் மடிப்புக் கலையாத சட்டை. வாரம் ஒரு மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுப்பவர்.)

ஜனவரி 16

தம்பி அந்தச் சொற்பொழிவைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு போனான்.

பிப்ரவரி 3

தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது! ஐயாவின் கூட்டங்களைப் பதிவு செய்ய ஆள் வேண்டுமாம். இஸ்திரியிடம் நான்தான் சிபாரிசு செய்தேன். இரண்டு நாளாகப் பாடம் நடத்தினேன். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது, காற்றடித்தால் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் முன்னால் அறை மௌனத்தைப் பிடிப்பது. பேச்சு தொடங்குமுன் நகத்தால் மேசையில் இரண்டு தட்டு. அது என் வழக்கம். திரையில் இரண்டு முள் மாதிரித் தெரியும், எங்கே தொடக்கம் என்று தேட வேண்டாம்.

"எதுக்கு ரெண்டு? ஒண்ணு போதாதா?" என்றான்.

"ஒண்ணுன்னா கை தெரியாம பட்டதா இருக்கலாம். ரெண்டுன்னா அது நம்ம ஆளு."

சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். தம்பி மனைவி போன் செய்து, "அண்ணி, உங்க புண்ணியத்துல அடுப்பு எரியுது" என்றாள். வயிறு குளிர்ந்தது.

பிப்ரவரி 21

மேற்கே, பெரிய நகரத்தில், பேருந்து நிலையத்தில் குண்டு. பதினான்கு பேர்.

பிப்ரவரி 22

கண்டன அறிக்கை ஒன்று சுத்தம் செய்ய வந்தது. ஐயா பேசி, தம்பி பதிவு செய்தது. இரண்டு தட்டுக்கு முன்னால், பதிவு ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல், இஸ்திரியின் குரல்:

"ரொம்ப வருத்தமா வேண்டாங்க ஐயா. நம்ம பசங்க மனசு உடைஞ்சிடும்."

பிறகு இரண்டு தட்டு. பிறகு கண்டனம்.

தட்டுக்கு முன்னால் இருப்பதை எப்போதும் வெட்டிவிடுவது வழக்கம். வெட்டினேன். நம்ம பசங்க என்றால் கூட்டத்துக்கு வருகிற இளைஞர்களாக இருக்கும். செய்தி கேட்டு நொந்துபோயிருப்பார்கள், அதைச் சொல்கிறார். வேறு என்ன இருக்க முடியும்?

மூன்று தடவை போட்டுக் கேட்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். அசல் எதையும் நான் அழிப்பதில்லை. அதுவும் வழக்கம்.

மார்ச் 11

தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். குட்டி வாசலிலேயே, "அத்தை, எதிர் வீட்டு அக்காகூட நான் வெளையாடக் கூடாது, தெரியுமா?" என்றாள். நாலு வயது. ஏன் என்று கேட்டால், "அவங்க வேற" என்கிறாள். எதில் வேறு என்று அதற்குத் தெரியவில்லை, கையை விரித்தது.

உள்ளே போய்த் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். உனக்கு ஜுரம் வந்தபோது அந்த எதிர் வீட்டுக்காரர்தான் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார், மறந்துவிட்டதா என்றேன்.

"மறக்கலக்கா. நல்லவங்கதான். அதுதான் ஆபத்து."

இது அவன் பேச்சு இல்லை. இந்த வாக்கியம் எனக்குத் தெரியும். டிசம்பர் மாதச் சொற்பொழிவு, நாற்பதாவது நிமிடத்துக்குப் பக்கத்தில். "நல்லவங்கதான்" என்பதற்கும் "அதுதான் ஆபத்து" என்பதற்கும் நடுவில் அவர் திணறினார், ஏதோ எச்சில் விழுங்கினார். நான் இழுத்து ஒட்டினேன். தம்பி ஒட்டியபடியே சொல்கிறான்.

தம்பி மனைவி காபி டம்ளரை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 29

இஸ்திரியிடம் வேலை அதிகம், இனி முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, "உங்க தம்பி எங்ககூட இருக்கும்போது நீங்க எங்க போவீங்க?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

ஏப்ரல் 9

எழுத்து கோணல்.

கார்டில் இருப்பதை முழுக்க என் வட்டுக்கு இறக்கிக்கொள்வேன், அழித்ததையும் மீட்டெடுப்பேன். கூட்டத்தில் யாராவது அவசரத்தில் எதையாவது அழித்துத் தொலைத்துவிட்டு என் தலையை உருட்டுவார்கள் என்பதால் இப்படி ஒரு பழக்கம். இன்று இரண்டு சொற்பொழிவுக்கு நடுவில் அழித்த கோப்பு ஒன்று. நாலு நிமிடம்.

சின்னப் பையன் குரல், இருபதுகூட இருக்காது. "நீங்கள் இதைக் கேட்கும்போது நான் இருக்க மாட்டேன்." தடுமாறுகிறான். மறுபடி தொடக்கத்திலிருந்து. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறான். அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறான். மறுபடி. பத்தொன்பதாம் தேதி என்கிறான். எங்கே என்று சொல்லவில்லை.

ஒவ்வொரு தடவையும் அவன் தொடங்குமுன் மேசையில் இரண்டு தட்டு.

நிறைய பேர் தட்டலாம். யாராவது பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம். இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டே அந்தப் பையன் பேசாத இடத்தைத் தனியாக எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். ஒரு கடிகாரம். நொண்டிக் கடிகாரம். ஒரு டிக் கனமாக, அடுத்தது இளைத்து. அதோடு ஜன்னலுக்கு வெளியே மாவு மில்லின் முனகல். என் வட்டில் இருக்கிற அம்மா வீட்டு முன்னறையை எடுத்து மேலே வைத்தேன். ஒன்றின் மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தது.

அம்மா போய் இரண்டு வருஷம். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. கடிகாரம் எப்பவோ நின்னு போச்சு. அதுக்கு பாட்டரி போட்டது யாரு? யாருடா போட்டது?

ஏப்ரல் 10

மதியம் அம்மா வீட்டுக்குப் போனேன். என் சாவி நுழையவில்லை. பூட்டு புதிது. கீழ்வீட்டு அம்மாள், "தம்பி பசங்களக் கூட்டிக்கிட்டு வருது, போகுது. மோட்டார் ரிப்பேராம். மூட்டை மூட்டையா சாமான். ஒரு வார்த்த உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள்.

சொன்னான், எனக்குத்தான் மறந்துவிட்டது என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய். கதவில் காதை வைத்தேன். டிக் கேட்டது. அம்மா உள்ளே இருக்கிற மாதிரியே இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 11

கார்டை வாங்கிப் போகத் தம்பியே வந்தான். இஸ்திரி அனுப்பவில்லையா என்றேன். இந்தப் பக்கம் வேலை இருந்தது என்றான். கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இதுல சொற்பொழிவு தவிர வேற ஏதாவது இருந்துச்சா?" என்றான்.

"வேற என்ன இருக்கும்?"

அவன் தோள் இறங்கியது. அந்தத் தோளை அவனுக்கு மூன்று வயதானதிலிருந்து தூக்கியவள் நான். நேராகக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் ஓடிவிடுவான், மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவான், இடத்தை மாற்றிவிடுவார்கள் என்று பயம். கேட்காவிட்டால்? அதற்கும் பயம். ஆகவே வேறொன்று செய்தேன். உட்காரவைத்து, ஜனவரிச் சொற்பொழிவின் அசலைப் போட்டேன். கிழவரின் கேள்வி. அப்புறம் பதினோரு விநாடி. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது விநாடியில் கண் ஒரு தடவை என் பக்கம் வந்தது. அவ்வளவுதான்.

"பாத்தியா? ஐயாவுக்கே பதில் தெரியல. அவரே தயங்கறார்டா."

ஹெட்போனைக் கழற்றி, ஒயரை நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே எட்டு வடிவத்தில் சுற்றி வைத்தான். பிறகு சொன்னான்:

"நீ சுத்தம் பண்ணிக் கொடுத்ததுதான்க்கா அவரு. மத்ததெல்லாம் சத்தம்."

வாசல் வரை போய்த் திரும்பி வந்து என் கையைப் பிடித்தான். "எது நடந்தாலும் குட்டியப் பாத்துக்க" என்றான். இந்த வாசல்ல நின்னுதான் சொன்னான். பாவி. நான் பிடிச்ச கைய விட்டுட்டேனே. கதவச் சாத்தி உள்ள வெச்சுப் பூட்டியிருக்கணும்.

ஏப்ரல் 12, காலை

அவனைப் பிடித்தால் அடிப்பார்கள். இந்த ஊர் ஸ்டேஷனில் சைக்கிள் திருடியவனே நடந்து வெளியே வந்ததில்லை. பிடிக்காவிட்டால் யாரோ ஒருத்தி பிள்ளையைப் பொறுக்கி எடுப்பாள். இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கிற தராசு என்னிடம் இல்லை. இருந்தாலும் போகிறேன்.

ஏப்ரல் 12, மாலை

போனேன். நாலு மேசை தாண்டி விசாரணை அதிகாரியிடம் உட்காரவைத்தார்கள். பெண். என் வயதுதான் இருக்கும். கடும் ஜலதோஷம், இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். என் கை தானாக வெட்டத் தேடியது. வாழ்க்கையில் எந்த நேரத்தில் என்ன தோன்றுகிறது பாருங்கள்.

கோப்பைப் போட்டுக் காட்டினேன். அறை எது என்று எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று கேட்டாள். அம்மா வீட்டு மௌனத்தையும் போட்டேன். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். முகம் மாறியது.

"தட்டுறது யாரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே வந்திருக்கலாம். வீட்டைக் காட்டினால் போதாதா? தட்டியவன் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டுமே? நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. முதன்முதலாக எண்ணவில்லை.

"என் தம்பி" என்றேன். "அடிக்க மாட்டோம்னு சொல்லுங்க."

"வாக்குக் குடுக்கிற எடத்துல நான் இல்லம்மா. நான் இருக்கிறப்ப நடக்காது. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தான் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 13

விடிந்ததும் பிடித்துவிட்டார்கள். ஐந்து பேர். அம்மா வீட்டில் மூன்று, தம்பி அவன் வீட்டில், இஸ்திரி பேருந்து நிலையத்தில். அந்தச் சின்னப் பையனும் இருக்கிறான், உயிரோடு. அம்மாவின் அரிசி டிரம்மில் இருந்தது அரிசி இல்லை.

பத்தொன்பதாம் தேதி என்ன என்று அதிகாரி சொன்னாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அவர்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா.

தம்பி மனைவி வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "உங்க கையால சோறு போட்டு வளத்த புள்ள அண்ணி" என்றாள். குட்டி என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. அதன் கையை இறக்கிவிட்டு இழுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 19

அந்தப் பள்ளிக்குப் போனேன். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி எத்தனை வருஷம்! யாரும் யார் நீ என்று கேட்கவில்லை. யாரோ ஒரு பிள்ளையின் பாட்டி என்று நினைத்திருப்பார்கள். கோபம்தான் வந்தது, எனக்கு நாற்பத்தாறுதான் ஆகிறது. கடைசி வரிசை.

மைக் படுமோசம். ஊளை. ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே மைக்கை நட்டுவைத்திருந்தார்கள். எழுந்துபோய்த் திருப்பிவைக்கலாமா என்று நாலு தடவை கால் எழுந்தது. ஒரு சின்னப் பெண் வண்ணத்துப்பூச்சி வேஷம் போட்டு வந்தது, ஒரு இறக்கை பாதி கழன்று தொங்க. இரண்டு வரி சொல்லிவிட்டு மறந்துபோய் நின்றது. எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. கூட்டம் அமைதியாகக் காத்திருந்தது. ஒன்பதில் அதற்கே ஞாபகம் வந்துவிட்டது. அத்தனை பேரும் கைதட்டினார்கள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்துப் பெண், "உங்க வீட்டுக் குழந்தையா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பரிசு கொடுத்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மே 6

தெருவில் பேச்சு இதுதான்: "ஒண்ணுமே நடக்கலையே, அதுக்குள்ள கூடப் பொறந்தவனப் புடிச்சுக் குடுத்துட்டாளே." கடைக்காரர் நான் போனால் பார்சல் கட்டுவதில் மும்முரமாகிவிடுகிறார். கதவில் யாரோ சாணியை அடித்துவிட்டுப் போனார்கள். கழுவினேன். நடக்காத ஒன்றை எடுத்துக் காட்டு என்றால் எதைக் காட்டுவேன்?

மே 20

ஐயா அறிக்கை விட்டிருக்கிறார். அந்த ஐவரையும் அவருக்குத் தெரியாதாம். யார் சுத்தம் செய்தார்களோ, மூன்று இடத்தில் தையல் பளிச்சென்று தெரிகிறது.

ஆகஸ்ட் 2

சிறையில் என்னைப் பார்க்க மாட்டேன் என்று தம்பி எழுதிக் கொடுத்துவிட்டான். ஐந்தாவது தடவை.

அக்டோபர் 17

அதிகாரியிடம் அசல் அனைத்தையும் கொடுத்தேன். இரண்டு வருஷம், தொண்ணூற்றாறு சொற்பொழிவு, கண்டன அறிக்கைக்கு முன்னால் இருந்த அந்த ஒரு வரியும் சேர்த்து. கடைசியில் ஐயாவின் பெயரும் வழக்கில் ஏறியிருக்கிறது. அவள் மூக்கு இன்னும் சரியாகவில்லை. தம்பிக்கு அடி விழவில்லை என்றாள். அவள் லீவில் போன இரண்டு நாளைத் தவிர. அதையும் மறைக்காமல் சொன்னாள்.

ஜனவரி 22

நீதிமன்றம். சாட்சிக் கூண்டில் நின்றேன். ஐயாவின் வக்கீல் என்னை மடக்குவதாக நினைத்துக்கொண்டு, சுத்தம் செய்த பதிவைப் போடச் சொன்னார். போட்டார்கள். பிறகு அரசுத் தரப்பில் அதே இடத்தின் அசலைப் போட்டார்கள். கிழவரின் கேள்வி. பதினோரு விநாடி. கூடத்தில் மின்விசிறி மட்டும் ஓடியது. ஐயா முன்வரிசையில் உட்கார்ந்து தன் மௌனத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத வெட்டினது யாரு?" என்றார் ஐயாவின் வக்கீல்.

"நான்."

"யாராவது வெட்டச் சொன்னாங்களா?"

"இல்ல. நானாத்தான் வெட்டினேன்."

தம்பி எதிர்ப்பக்கம் நின்றான். இளைத்திருக்கிறான். ஒன்பது மாதத்துக்குப் பிறகு இன்றுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

பிப்ரவரி 14

பார்க்க வரச் சொல்லித் தம்பி கடிதம் போட்டிருந்தான். போனேன்.

இருபது நிமிடம் கொடுத்தார்கள். நடுவில் கம்பி வலை, இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை. அக்கம்பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிறார்கள். இப்படி ஒரு அறையை எந்தக் கொம்பனாலும் சுத்தம் செய்ய முடியாது. குட்டி பள்ளிக்கூடம் போகிறதாம். எதிர் வீட்டுக்காரர்தான் தன் பெண்ணோடு சேர்த்துக் கொண்டுபோய் விடுகிறாராம். கடிதத்தில் மனைவி எழுதியிருந்ததாகச் சொன்னான். சொல்லிவிட்டுக் கம்பிக்குக் கிட்டே வந்தான்.

"அந்தக் கெழவர் யாருக்கா?"

"தெரியலடா. அதுக்கப்புறம் எந்தக் கூட்டத்துலயும் அவர் கொரல் இல்ல."

"நான் அன்னிக்கு அந்தக் கூட்டத்துல இல்ல. நீ போட்டதத்தான் கேட்டேன். தெனமும் கேட்டேன். தூங்கப் போறப்பவும் கேட்டேன். அந்தக் கேள்விய ஏன்க்கா வெட்டின?"

பத்து மாதமாக இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். என் வேலை அது, எனக்கு என்ன தெரியும், நீயாவது யோசித்திருக்க வேண்டாமா. எல்லாம் நியாயமான பதில்தான்.

"கேக்க நல்லா இருக்கணும்னு" என்றேன்.

தலையை ஆட்டினான். அவன் நகம் பலகையில் இரண்டு தடவை தட்டியது. ஏதோ தொடங்கப் போகிறான் என்று கம்பியில் முகத்தை வைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நானும் இடையில் எதையும் போட்டு நிரப்பவில்லை. அப்படியே நேரம் முடிந்துவிட்டது.

எழுந்து போகும்போது, தரை குளிர்கிறது, அடுத்த தடவை வரும்போது காலுறை கொண்டுவா என்றான். எத்தனை ஜோடி என்று கேட்க மறந்துவிட்டேன்.